வில்லு பேசப் போன ராத்திரிகள்

பிசான அறுப்பு முடிந்து வைக்கோல் படப்பு ஏறினதும் நம்ம ஊரில் ஒரு பேச்சு கிளம்புமே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "இந்த வருசம் கொடைக்கு வில்லு யாரு?" படித்துறையில் துணி துவைக்கிற அத்தைமார் கேட்பார்கள். சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற அக்காமார், இலையை உருட்டுகிற விரல் நிற்காமலே கேட்பார்கள். டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிப்பவர் பேப்பரைத் தாழ்த்திவிட்டுக் கேட்பார். மாசிக் காற்றில் புது வைக்கோல் வாசம் ஊர் முழுக்க அடிக்கும். அம்மன் கோவில் கொடை என்னவோ சித்திரையில்தான், இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. ஆனால் நல்ல வில்லுக்காரர்களுக்கு மாசியிலேயே நாள் போய்விடும். சித்திரைச் செவ்வாயும் வெள்ளியும் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே.

ஊர்க்கூட்டம் முப்பிடாதி அம்மன் கோவில் முன்னால் வேப்பமரத்தடியில் கூடும். தலைக்கட்டு வரி எவ்வளவு என்பது சீக்கிரம் முடிந்துவிடும். பந்தல், பூ, வாணம் எல்லாம் அதைவிடச் சீக்கிரம். அதற்குப் பிறகு வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வரும். பெரியவர்கள் சம்மணத்தை மாற்றிப் போட்டு, துண்டை உதறி மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இனிமேல்தான் கூட்டமே. மேளம் யாரு, வில்லு யாரு, ரேடியோ செட் யாரு? ஒவ்வொன்றும் ஒரு தனி வழக்கு. ஒவ்வொன்றுக்கும் ஊரில் தனி வக்கீல்கள் உண்டு. நாமெல்லாம் கோவில் மதில் மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்போம். முழுப்பரீட்சை நெருங்குகிறது என்கிற நினைப்பே அந்த மதிலில் வராது.

மேளத்தில் ரெண்டு கட்சி. ஆற்றிலிருந்து தீர்த்தக்குடம் எடுத்து வரும்போது நையாண்டி மேளம்தான் வேண்டும் என்பது ஒரு கட்சி. ரெண்டு நாயனம், ரெண்டு தவில், பம்பை, தாளம் என்று அவர்கள் வளைந்து நின்று அடிக்க, கரகக்காரி நடுவில் சுற்றிவர, தெரு மண் எழும்பி வேப்பிலை வாசத்தோடு மூக்கில் ஏற வேண்டும். இன்னொரு கட்சிக்குக் கோவிலுக்குள் வாசிக்கிற ராஜமேளம் வேண்டும். அவர்கள் பக்கம் எப்போதும் ஒரு பெயர் வந்து நிற்கும். ஆற்றுக்குத் தென்கரையில் இருக்கிறதே காருகுறிச்சி, அந்த ஊர் அருணாசலத்தின் பெயர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்றவர். 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாயனம் போட்டி போட்டதை ஊரே டூரிங் டாக்கீஸில் கேட்டிருந்தது. 1964-இல், நாற்பத்து மூன்று வயது நிரம்பும் முன்னே, அவர் போய்விட்டார். நான் அவரைக் கேட்டதில்லை. ஆனால் கேட்டவர்களோடு வளர்ந்தேன். எந்த நாயனக்காரர் பெயரைச் சொன்னாலும் கூட்டத்தில் ஒருத்தர் கண்ணை மூடி, கையை லேசாக மேலே தூக்கி, பிறகு இறக்கிவிடுவார். அந்தக் கை எவ்வளவு தூரம் உயர்ந்தது என்பதை வைத்து அந்த நாயனக்காரருக்கு எத்தனை மதிப்பு என்று நாமே கணித்துக்கொள்வோம்.

சுடலைமாடனுக்கு மகுடம் அடிக்கிற கணியான் கூத்துக்காரர்கள் வேண்டும், அதில் விவாதமே கிடையாது. விவாதமெல்லாம் வில்லில்தான். அந்த விவாதத்துக்குக் கடைசி வார்த்தை எங்கள் பெரியப்பாவுடையது.

பெரியப்பா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் எந்தக் கதையில் எந்த இடத்தில் மெட்டு மாற வேண்டும், எங்கே பாட்டை நிறுத்தி வசனமாகச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. 1963-இல் திருநெல்வேலிக்கு வானொலி நிலையம் வந்தபோது பஞ்சாயத்து ரேடியோ முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்தவர் அவர்தான் என்று சொல்வார்கள். நாங்கள் பார்க்கும்போதும் அதே இடத்தில், அதே சிமெண்டுத் திண்டில்தான் உட்கார்ந்திருப்பார். வில்லுப்பாட்டு ஒலிபரப்பானால் அன்றைக்குத் தண்ணி பாய்ச்சப் போவது கொஞ்சம் பிந்தும். நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோனதில் அவருக்குப் பெருமை உண்டு. கலைவாணர் பின்னால் போன சத்திரம் புதுக்குளத்துச் சுப்பு ஆறுமுகத்தின் மீதும் பெருமை உண்டு. 2021-இல் சுப்பு ஆறுமுகத்துக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது பெரியப்பா இருந்திருந்தால் படித்துறை வரைக்கும் போய் எல்லாரிடமும் சொல்லியிருப்பார். ஆனாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்: "அது மேடைக்கு உள்ள வில்லுடே. நம்மது சாமிக்கு உள்ள வில்லு. விடியுமட்டும் நிக்கணும்."

ரேடியோவில் கேட்டதை வைத்து அவர் ஒரு குழுவையும் பேசியதில்லை. நேரில் போய்க் கேட்க வேண்டும். அதுவும் இன்னொரு ஊர்க் கொடையில், ராத்திரியில், யார் எவர் என்று சொல்லாமல் பின்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த நடைக்குத்தான் நாம் காத்துக்கிடப்போம். பங்குனியில் முந்திக் கொடை கொடுக்கிற ஊர்கள் அக்கம்பக்கத்தில் உண்டு. சாயங்காலம் பெரியப்பா, நாட்டாமை மாமா, கணக்கெழுதுகிற சித்தப்பா மூணு பேரும் டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்றைக்குப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். நடையில் போய் நிற்போம்.

"எய்யா, நீயும் வாரியா? தூங்கக் கூடாது கேட்டியா."

"தூங்க மாட்டேன் பெரியப்பா."

"சரி. ஆச்சிட்ட சொல்லிட்டு வா."

வரப்பில் வரிசையாக நடக்கிறோம். பெரியப்பா முன்னால். அறுத்த தாள் காலில் குத்துகிறது. ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். பகலெல்லாம் காய்ந்த மணல் மேலே ஆறிக்கிடக்கிறது, விரலை நுழைத்தால் உள்ளே இன்னும் சூடு. நாணல் பக்கம் வரும்போதே அக்கரை ஒலிபெருக்கிக் குழாயின் சத்தம் தண்ணீர் மேல் தவழ்ந்து வருகிறது. முதலில் வார்த்தை ஒன்றும் விளங்காது. குடத்தின் சத்தம் மட்டும், தம் தம் என்று, ஒரு சீராக. பெரியப்பா ஆற்று நடுவில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிடுவார். மற்றவர்களும் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் கேட்பார். "குடம் பேசுது," என்று சொல்லிவிட்டுத் திரும்ப நடப்பார். அவர் ஒன்றும் சொல்லாமல் நடந்தால் நாட்டாமை மாமாவுக்கு முகம் வாடிவிடும்.

அந்த ஊர்க் கோவில் முன்னால் பாய் விரித்து ஜனம் உட்கார்ந்திருக்கும். பிச்சிப்பூவும் கொழுந்தும் சாம்பிராணியும் கலந்த வாசம். ஓரமாகக் கருப்பட்டி மிட்டாய், சீனி மிட்டாய், சேவு, பொரிகடலைக் கடைகள். பெட்ரோமாக்ஸ் உஸ்ஸென்று எரிகிறது. சாமிக்கு நேர் எதிரே வில்லு. பனங்கம்பில் செய்து, துணி சுற்றி, வெண்கல மணிகள் தொங்கவிட்ட பெரிய வில். அதன் நடுவில் மண்குடத்தை அணைத்தபடி உட்கார்ந்திருப்பவர், குடத்தின் வாயைப் பத்தி மட்டையால் தட்டுவார். முன்னின்று கதை பாடுகிற அண்ணாவி ரெண்டு கையிலும் வீசுகோலைப் பிடித்து நாணில் அடிக்கையில் மணியெல்லாம் ஒருசேரக் குலுங்கும். பக்கத்தில் உடுக்கை, தாளம், கட்டை. அண்ணாவி ஒரு வரி விட்டால் இடத்தே இருந்து பின்பாட்டுப் பாடுகிறவர்கள் அதை வாங்கி முடிக்க வேண்டும். அந்த வாங்குதலில்தான் குழுவின் தரம் தெரியும் என்பார் பெரியப்பா.

குரலை அவர் விதைநெல் பார்க்கிற மாதிரி பார்ப்பார். அவசரமே கிடையாது. முதலில் காப்பு, குருவடி, அவையடக்கம் எல்லாம் வரும். எல்லாரும் நன்றாகப் பாடுகிற இடம் அது என்று அதைக் கணக்கில் எடுக்க மாட்டார். நாட்டு வளம் பாடும்போது மதிலில் சாய்ந்து கண்ணை மூடுவார். கதை ஏறி, நடுச்சாமம் தாண்டி, ஜனம் பாதி அசந்து, அண்ணாவியின் தொண்டை வறளுகிற நேரம் ஒன்று உண்டு. அதற்குத்தான் அவர் வந்திருக்கிறார். அந்த நேரத்தில் வெற்றிலைப் பையைப் பிரித்தார் என்றால் அந்தக் குழு நம்ம ஊருக்கு இல்லை. கையில் எடுத்த வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ மறந்து அப்படியே வைத்திருந்தார் என்றால் பேசி முடித்த மாதிரிதான். நாம் ஆளுக்கொரு சேவுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, வில்லைப் பார்க்காமல், பெரியப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

திரும்பி வரும் வழியெல்லாம் வழக்கு. "குரல் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, இடம் சரியில்லையே" என்பார் சித்தப்பா. "கதைய விழுங்குதாரு வேய்" என்பார் மாமா. "பாலகன் பொறக்குற எடத்த அவ்வளவு சீக்கிரமா தாண்டலாமா?" பெரியப்பா கேட்டுக்கொண்டே வருவார். வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து கால் கழுவும்போது கிழக்கு வெளுத்திருக்கும். இப்படி ஒரு ஊர், ரெண்டு ஊர் என்று போய், ஒரு குழு மனசில் உட்கார்ந்த பிறகுதான் பேசப் போவார்கள்.

பேசப் போவது பகலில். பஸ் ஏறி, இறங்கி, விசாரித்துக்கொண்டு, அண்ணாவி வீட்டுக்கு. என்னையும் ஒரு தடவை கூட்டிப் போனார்கள். ஓட்டு வீடு. உத்திரத்தில் வெள்ளைத் துணி சுற்றிய வில் தொங்குகிறது. குடம் மூலையில் உமிமெத்தை மேல் கவிழ்த்து வைத்திருக்கிறது. அந்த வீட்டு ஆச்சி சில்வர் தம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுக்கிறாள். அண்ணாவி தோளில் துண்டோடு வந்து எதிர்த் திண்ணையில் உட்காருகிறார்.

"எந்தச் சாமிக்கு அண்ணாச்சி?"

"முப்பிடாதி. துணைக்குச் சுடலையும் பட்டவராயனும் இசக்கியும் இருக்கு."

"எத்தன கோமரம் ஆடுது?"

"நாலு. சுடலைக்கு ஆடுதவருக்கு வயசாயிட்டு. கொஞ்சம் பாத்துத்தான் ஏத்தணும்."

"பாத்துக்கிடுதேன். என்ன கதை வேணும்?"

கூலி என்ன என்று ரெண்டு பக்கமும் இன்னும் வாயெடுக்கவில்லை. அது கடைசியில், எழுந்திருக்கும்போது, வெற்றிலைமேல் அச்சாரத்தை வைக்கையில் பேசி முடிவாகும். அதுவரைக்கும் கதைதான் பேச்சு. என்ன கதை என்பதை அங்கேயே பெரியப்பா சொல்லிவிடவும் மாட்டார். "ஊர்ல கேட்டுச் சொல்லுதோம்," என்பார். அண்ணாவி தலையாட்டுவார். அதுதான் முறை.

ஊரில் கேட்பது என்றால் பொம்பளைகளைக் கேட்பது. கூட்டத்தில் அவர்கள் உட்கார மாட்டார்கள், ஆனால் கதையைத் திண்ணைகள்தான் முடிவு செய்யும். ஒரு வாரம் பீடித்தட்டுகளுக்கு நடுவே அதே பேச்சு. நீலி கதை வேணும் என்று மேலத்தெரு. சுடலைமாடன் கதையில் கைலாயத்து விளக்குச் சுடரிலிருந்து அவர் பிறக்கிற இடத்தைக் கேட்டு எத்தனை வருசமாச்சு என்று கீழத்தெரு. நடுத்தெருவில் எங்கள் ஆச்சி எப்போதும் முத்துப்பட்டன் கட்சி. அந்தணப் பிள்ளை முத்துப்பட்டன், வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்ளப் பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, மாடு காக்கப் போய், கள்ளர்களோடு சண்டையிட்டு மாண்ட கதை. காரையாற்றுப் பக்கம் சொரிமுத்து அய்யனார் கோவிலில் அவன்தான் பட்டவராயனாக நிற்கிறான். இன்றைக்கும் அங்கே காணிக்கையாகச் செருப்பு கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆடி அமாவாசைக்கு ஆச்சியோடு வண்டி கட்டிப் போகையில் அந்தப் புதுத்தோல் வாசமும் காட்டுப் பச்சை வாசமும் கலந்து வந்தது இப்போதும் மூக்கில் இருக்கிறது.

அந்தக் கதையை நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை தொகுத்துக் கொடுக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்தில் புத்தகமாகப் போட்டது. பிற்காலத்தில் நான் அதைப் படிக்கையில் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பொம்மக்காவும் திம்மக்காவும் உயர்ந்த குலத்தில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர் மட்டுமே என்று சில பாடங்களில் கதை மாற்றப்பட்டிருப்பதை அவர் எடுத்துக் காட்டியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆச்சி இதைத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். "அண்ணாவிட்ட சொல்லிருங்க. வாலப்பகடை பெத்த பிள்ளைகள்னே படிக்கணும். எடுத்து வளத்த கதையெல்லாம் நமக்கு வேண்டாம்." பெரியப்பா அதை அப்படியே அண்ணாவியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு கொடைக்குப் பாட்டு தேர்ந்தெடுப்பது என்றால் நம்ம ஊரில் அதுவரைக்கும் போகும்.

பெண்களே வில்லடிக்கிற குழுவைப் பேசின வருசமும் உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்துப் பூங்கனி அம்மாளைப் பற்றிப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். ஆண்களே வீசுகோல் பிடித்த காலத்தில் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து கோவில் கோவிலாகக் கதை படித்தவர். 2018-இல் மறைந்தார். ஒரு பெண் நீலி கதை படிக்கையில் பெண்கள் பக்கம் எழுகிற சத்தமே வேறு. அதைக் கேட்ட பிறகு மேலத்தெருவும் நடுத்தெருவும் ஒரு கட்சியாகிவிட்டன.

கொடையன்று அர்த்தசாமம். பந்தத்து எண்ணெய் வாசம் கண்ணில் எரிகிறது. நடை சாத்தி, திரையிட்டு, உள்ளே அலங்காரம் நடக்கிறது. வெளியே வில்லு சாவுக் கட்டத்துக்கு வந்துவிட்டது. இந்தப் பாட்டுகளை ஊர் ஊராகக் கேட்டு 1988-இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பிறப்புக் கதை என்றும் இறப்புக் கதை என்றும் பிரித்து, இறப்புக் கதைதான் கொடையின் உச்சம் என்று சொல்லியிருக்கிறார். நமக்கு அது உடம்பிலேயே தெரியுமே. அண்ணாவி இப்போது ஏட்டைப் பார்ப்பதில்லை, சாமியாடுகிற கோமரத்தாடியின் காலைப் பார்க்கிறார். பெருவிரல் மண்ணைக் கிண்டத் தொடங்கியதும் குடம் மெல்ல வேகம் எடுக்கிறது. வயசானவர் என்று சொன்னோமே, அவரை ஒரே மூச்சில் ஏற்றாமல், படிப்படியாக, ஒரு வரியை ரெண்டு தரம், மூணு தரம் திருப்பிப் பாடி, அவர் மூச்சு சேர்ந்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறார். கமுகம்பூவைக் கையில் வாங்கி அவர் எழுந்து நிற்கும்போது குலவைச் சத்தம். பெரியப்பா கூட்டத்தின் பின்னால் மதிலில் சாய்ந்து நிற்கிறார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அந்த அண்ணாவி மட்டும் வீசுகோலை இறக்கிவைத்துத் தண்ணி குடிக்கையில் ஒரு தரம் நிமிர்ந்து அவர் இருக்கிற பக்கம் பார்ப்பார்.

வில்லுக்கு ராத்திரி என்றால் ரேடியோ செட்டுக்குப் பகல். செட்டுக்காரர் சைக்கிளில் ரெண்டு குழாயும் ஆம்ப்ளிஃபயரும் கட்டிக்கொண்டு வருவார். ஒரு குழாய் வேப்பமரத்தில் கிழக்கே பார்த்து, ஒன்று பனையில் மேற்கே பார்த்து. தகரப் பெட்டியைத் திறந்தால் இசைத்தட்டின் அரக்கு வாசமும், துடைக்கிற வெல்வெட்டுத் துணியின் புழுதி வாசமும் வரும். முதல் தட்டு சீர்காழியின் பிள்ளையார் பாட்டு. அப்புறம் எல்.ஆர். ஈசுவரியின் அம்மன் பாட்டு. அதுவரை ஊர்ச் சட்டம். அதற்குப் பிறகு என்ன போடலாம் என்பதற்கு நாம் அவருக்கு எடுபிடி வேலை செய்து சம்பாதித்த உரிமை ஒன்று இருந்தது. சோடா வாங்கிக் கொடுத்தால் ஒரு பாட்டு. மரத்தில் ஏறிக் குழாயைத் திருப்பிக் கொடுத்தால் ரெண்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திருவிளையாடல் வசனத் தட்டு. கேசட் வந்த பிறகு, 1984-க்குப் பிறகு, விதி பட வசனம். கோர்ட்டுக் காட்சி ஓடும்போது உரல் சத்தம் நின்றுவிடும்.

அதற்கு முன்பே நாம் வளர்ந்துவிட்டோம். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது டீக்கடை பெஞ்சே அந்தப் பாட்டில் கிறங்கிக் கிடந்தது. பிறகு வந்த வருசங்களில் இளவட்டங்கள் நாமும் ஊர்க்கூட்டத்தில் ஒரு கட்சியானோம். மெல்லிசைக் கச்சேரி வேண்டும் என்றோம். பெரியவர்கள் மறுக்கவில்லை. "குடியழைப்பு அன்னைக்கு வச்சுக்கிடுங்க. செவ்வாய் ராத்திரி வில்லுதான்." சரி என்றோம். நம்மைக் குழு பேச அனுப்பியபோது பெரியப்பா சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று: "போயிக் கேட்டுட்டுப் பேசுங்கடே." கேட்டுவிட்டுத்தான் பேசினோம். பக்கத்து ஊரில் கச்சேரி நடந்த அன்று சைக்கிளில் போய், மேடைக்குப் பின்னால் நின்று, அக்கார்டியன்காரரின் விரலையும் தும்பாக்காரரின் கையையும் பார்த்தோம். ஒருவர் டி.எம்.எஸ். குரலுக்கு, ஒருவர் எஸ்.பி.பி. குரலுக்கு, ஒரு அக்கா சுசீலாவுக்கும் ஜானகிக்கும் சேர்த்து. அந்த அக்கா சுசீலா பாட்டில் நிற்கிறாள், ஜானகி பாட்டில் சறுக்குகிறாள் என்று கண்டுபிடித்து, ஜானகி பாட்டுக்கு வேறு ஆள் போடச் சொல்லிப் பேசினோம். கச்சேரி அன்றைக்கு நேயர் விருப்பச் சீட்டுகள் மேடைக்குப் பறக்கும். எந்தச் சீட்டு யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்று ஊருக்கே தெரியும். பெரியப்பா அதையும் முழுக்க உட்கார்ந்து கேட்டார். விடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "அந்த தும்பா அடிக்கிற பய நல்லா வாசிக்கான்," என்றார். அந்த ஒரு வார்த்தையை நாங்கள் வருசம் முழுக்கச் சொல்லித் திரிந்தோம்.

இப்போது கொடைக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. நீங்களும் அதில் இருக்கிறீர்கள்தானே. தாராவியிலிருந்து அத்தான் இருக்கிறார், சார்ஜாவிலிருந்து மச்சான் இருக்கிறான், சென்னையிலிருந்து நான். மாசியில் ஒரு தம்பி ஓட்டெடுப்பு வைத்தான். டிஜே, கேரளச் செண்டை மேளம், இன்னிசைக் கச்சேரி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிவு வந்துவிட்டது. ஒரே ஆள் எல்லாம் பேசிக்கொள்கிறார். மேடை, எல்.இ.டி. திரை, விளக்கு, செண்டை, பாட்டுக்காரர்கள், எல்லாம் சேர்த்து ஒரு தொகை. அனுப்பிய வீடியோ ஒரு நிமிசத்துக்கும் குறைவு. நல்ல பிள்ளைகள், நன்றாகவே செய்கிறார்கள். பாட்டுக்காரர்கள் பின்னணி இசையை டிராக்கில் ஓடவிட்டுப் பாடுகிறார்கள். செட்டுக்காரரின் மகன் பென்டிரைவில் ஆயிரம் பாட்டு கொண்டு வருகிறான். சோடா வாங்கிக் கொடுக்கப் பிள்ளைகள் யாரும் அவன் பக்கத்தில் நிற்கவில்லை. வேண்டிய பாட்டு அவரவர் கையிலேயே இருக்கிறது.

வில்லும் உண்டு. சாமிக்கு வேண்டுமே. சாயங்காலம் ஒரு மணி நேரம். ராத்திரிக்கு ஒலிபெருக்கி முடியாது. 2000-ஆம் வருசத்து ஒலிமாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை அனுமதி இல்லை. விழாக்காலத்துக்கு அரசு மனசு வைத்தால் வருசத்தில் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் நடுச்சாமம் வரைக்கும் தளர்த்தலாம். நோயாளிகள் இருக்கிற வீடு, படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடு, எல்லாம் இருக்கிறதே, நியாயம்தான். அதனால் அர்த்தசாமக் கொடையில் இப்போது மேளம் மட்டும் அடிக்கிறது. கோமரத்தாடிகள் ரெண்டு பேர்தான் ஆடுகிறார்கள். கதை, சாமி பிறந்து வளருகிற இடத்தோடு நின்றுவிடுகிறது. நம்ம பிள்ளைகளில் பலருக்கு முத்துப்பட்டன் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கண்டது தெரியும். அவன் எப்படி மாண்டான் என்று தெரியாது.

இந்த வருசம் வில்லு பேசுகிற பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். இன்றைக்கு இளம்பெண்கள் தலைமையில் எத்தனையோ குழுக்கள் நன்றாக வில்லடிக்கிறார்கள். அதில் ஒரு குழுவைக் கேட்கப் பங்குனியில் லீவு போட்டுவிட்டு வந்து, தென்காசிப் பக்கம் ஒரு கொடைக்குப் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். குடம் பேசியது. இடத்தே இருந்தவர்கள் வரியை விழாமல் வாங்கினார்கள். முடிந்ததும் போய்ப் பேசினேன்.

"எத்தன மணி நேரம் சார்?" என்று கேட்டது.

"நீங்க எவ்வளவு நேரம் படிப்பிய?"

அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. "கேக்க ஆளு இருந்தா முழுக் கதையும் படிப்போம் சார். எங்க தாத்தா ஏடு எங்கிட்ட இருக்கு." பிறகு நோட்டைப் பிரித்துக்கொண்டு கேட்டது: "என்ன கதை வேணும்?"

"ஊர்ல கேட்டுச் சொல்லுதேம்மா," என்றேன்.

கேள்வியைக் குழுவில் போட்டேன். ராத்திரியெல்லாம் குரல்பதிவாக வந்துகொண்டிருக்கிறது. தாராவி அத்தான் சுடலை கதையைப் பாதி பாடியே அனுப்பியிருக்கிறார். சார்ஜா மச்சான் நீலி கதைதான் என்கிறான், மேலத்தெருக்காரன் அல்லவா. எழுதத் தெரியாத நடுத்தெரு அக்கா பேத்தியின் போனை வாங்கிப் பேசியிருக்கிறாள்: முத்துப்பட்டனைப் படிக்கிறதாக இருந்தால் வாலப்பகடை பெத்த பிள்ளைகள் என்றே படிக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். ஓட்டெடுப்பு வைத்த தம்பி, சாவுக் கட்டம் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு மூணு பேர் பதில் சொல்லி, அந்த மூணு பேருக்குள்ளும் வழக்கு வந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கே வில்லை ஏற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்குள் ஏழு மணி நேரம் கிடைக்கும், ஒரு கதையைக் காப்பு முதல் வாழி வரைக்கும் முழுசாகக் கேட்டுவிடலாம். செண்டையையும் திரையையும் குடியழைப்பு அன்றைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன், பிள்ளைகள் சரி என்றுவிட்டார்கள். அச்சாரம் கொடுத்தாகிவிட்டது. என் கட்சி முத்துப்பட்டன், ஆச்சி சொன்ன பாடம். நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும், உங்களுக்கு எந்தக் கதை?